காதுக்குள்ள கச்சேரி: ஒரு மலிவு விலை இயர்போன் புராணம்

"ரெண்டாயிரம் ரூபாய்க்குள்ள நல்ல இயர்போன் ஒண்ணு சொல்லுப்பா."

சாப்ட்வேர் ஆளுங்க கிட்ட சொந்தக்காரங்க கேக்கற கேள்விகள்னு ஒரு லிஸ்ட் இருக்கு. பிரிண்டர் ஏன் பேப்பரை முழுங்குது, பழைய போன்ல இருக்கற போட்டோவெல்லாம் புதுசுக்கு எப்படிக் கொண்டு வர்றது, அப்புறம் இந்த இயர்போன். முதல் ரெண்டுக்கும் நானே கூகுளைத்தான் கேக்கணும். மூணாவதுக்கு மட்டும் வாயைத் திறந்தேன்னா எதிராளி எழுந்து போற வரைக்கும் நிறுத்த மாட்டேன். அதனால மொத்தத்தையும் இங்க கொட்டிடறேன். (எந்தக் கம்பெனியும் எனக்குக் காசோ ஓசி சாமானோ குடுக்கலை. குடுத்தா வேணாம்னு சொல்ற அளவுக்கு நல்லவன் இல்லை. இதுவரைக்கும் யாரும் குடுக்கலை, அவ்ளோதான்.)

பேசப்போறது ஒயர் வெச்ச, காதுக்குள்ள சொருகற வகை மட்டும்தான். ப்ளூடூத் தனிக் கதை. அதுல காசுல பாதி பேட்டரிக்கும் சிப்புக்கும் போயிடும். சில வருஷத்துல பேட்டரி படுத்துட்டா எவ்வளவு நல்ல ஸ்பீக்கரா இருந்தாலும் குப்பைத்தொட்டிதான்.

நான் காலேஜ் ஹாஸ்டல்ல இருந்தப்போ ஆயிரம் ரூபாய்க்குள்ளன்னா திரும்பத் திரும்ப ரெண்டு பேர்தான் அடிபடும். சென்ஹைசர் சிஎக்ஸ் 180, இல்லைன்னா சவுண்ட்மேஜிக் ஈஎஸ் 18. ரெண்டுமே அந்த விலைக்கு நல்ல சாமான்தான். ஒயர் பிஞ்சா கதை முடிஞ்சது, அது வேற. அப்புறம் சீனக் கம்பெனிகள் ஒவ்வொண்ணா வந்தாங்க. 2019-ல பிலான் பிஎல்-03ன்னு ஒண்ணு வந்து ஊரே கொண்டாடுச்சு. 2022-ல மட்டும் மூன்ட்ராப் சூ, செவன்ஹெர்ட்ஸ் சால்நோட்ஸ் ஜீரோ, டாங்சூ வானர்னு மூணு பேர் கிட்டத்தட்ட இருபது டாலர் விலையில வரிசையா இறங்கினாங்க.

எப்படி இவ்வளவு மலிவா இவ்வளவு நல்லா செய்ய முடியுது? ஒண்ணு, உள்ள இருக்கற 10 மில்லிமீட்டர் டிரைவர் தயாரிக்கறது இன்னிக்கு பெரிய ரகசியம் இல்லை. ரெண்டாவது, மனுஷனுக்கு எந்த மாதிரி சத்தம் பிடிக்கும்கிறதை ஹார்மன் கம்பெனியில ஷான் ஆலிவும் அவர் கூட்டாளிகளும் வருஷக் கணக்கா ஆராய்ச்சி பண்ணி, கட்டுரையாவே வெளியிட்டுட்டாங்க. எந்த அதிர்வெண் எவ்வளவு ஏத்தமா இருந்தா பெரும்பாலானவங்களுக்குப் பிடிக்கும்னு ஒரு வளைவு. அந்த வளைவை நோக்கி டியூன் பண்ணத் தெரிஞ்ச ஒரு இன்ஜினியர் இருந்தா போதும். விலைக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்லை.

"விலைக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்லை"ன்னு நான் அடிச்சு விடலைங்க. 2017-ல யெரோன் ப்ரீபார்ட்னு ஒரு ஆராய்ச்சியாளர் 283 ஹெட்போன்களோட அதிர்வெண் அளவீடுகளை வெச்சு, கடை விலையோட ஒப்பிட்டுப் பாத்தார். ரெண்டுக்கும் தொடர்பே இல்லைங்கிறதுதான் கட்டுரைக்குத் தலைப்பே. அமெரிக்க ஒலியியல் சங்கத்தோட சஞ்சிகையில வந்தது. காசு ஏறினா உலோக உடம்பு, நல்ல ஒயர், தோல் பை எல்லாம் வரும். சத்தம் நல்லா வருமான்னா, வரலாம், வராமலும் போகலாம்.

சரி, மேட்டருக்கு வருவோம். நாலு இயர்போனை ஒரு மாசமா மாத்தி மாத்திக் கேட்டேன். கேஇசட் ஈடிஎக்ஸ் ப்ரோ, சால்நோட்ஸ் ஜீரோ, டாங்சூ வானர், மூன்ட்ராப் சூ 2. நான் வாங்கினப்போ எல்லாமே ரெண்டாயிரத்துக்குள்ள, கேஇசட் ஆயிரத்துக்குள்ள. எது நல்லா இருக்குன்னு சொல்றதுக்கு முன்னாடி, எப்படிக் கேட்டேன்னு சொல்லணும். ஏன்னா கடையில ரெண்டு இயர்போனை மாத்தி மாத்திச் சொருகி "இது சூப்பர், இது சுமார்"னு சொல்றோமே, அதுல பாதி வால்யூம் பண்ற வேலை.

ஒரே பாட்டு, ஒரே இயர்போன். ஒரு டெசிபெல் கூட்டி வெச்சா "சத்தம் கூட"ன்னு நமக்குத் தோணாது. "தெளிவா இருக்கு, பேஸ் நல்லா இருக்கு"ன்னுதான் தோணும். இதுல பாதிக் காரணம் நம்ம காதோட அமைப்பு. 1933-லயே ஃப்ளெட்சர், மன்சன்னு ரெண்டு பேர் அளந்து காட்டினது: சத்தம் கம்மியா இருக்கறப்போ காதுக்கு அடி ஸ்தாயி சரியாக் கேக்காது, சத்தம் ஏற ஏறத்தான் பேஸ் எழும்பி வரும். ஆக, எந்த இயர்போன் அதே வால்யூம்ல அதிகமாக் கத்துதோ அது கடையில ஜெயிச்சிடும்.

அட்டைப் பெட்டியில சென்சிடிவிட்டின்னு ஒரு நம்பர் போட்டிருக்குமே, அதை வெச்சு ஒப்பிடலாமேன்னு கேக்கலாம். அங்கயும் ஒரு வில்லங்கம். ஒருத்தர் ஒரு மில்லிவாட்டுக்கு எவ்வளவு டெசிபெல்னு போடுவார், இன்னொருத்தர் ஒரு வோல்ட்டுக்குப் போடுவார். 32 ஓம் இயர்போன்ல ஒரு மில்லிவாட்ங்கிறது 0.18 வோல்ட் கிட்டத்தான் வரும். கணக்குப் போட்டா ரெண்டு முறைக்கும் நடுவுல 15 டெசிபெல் வித்தியாசம். இன்ஜினியரிங்ல நாலு வருஷம் படிச்சதுல எனக்கு உருப்படியா உதவின ஒரே ஓம் விதி இதுதான் :-)

அதனால நானே ஒரு ஏற்பாடு பண்ணேன். நாலு சென்டிமீட்டர் ரப்பர் குழாய். ஒரு முனையில சட்டையில மாட்டற சின்ன மைக், இன்னொரு முனையில இயர்போன். 500 ஹெர்ட்ஸ் டோனை ஓட விட்டு, நாலுலயும் ஒரே அளவு வர்ற மாதிரி லேப்டாப்ல டெசிபெல் கணக்குல குறைச்சு, பேப்பர்ல எழுதி வெச்சுக்கிட்டேன். ஆய்வுக்கூடத்துல இதுக்குன்னே மனுஷக் காதோட குணத்தைக் காப்பியடிச்ச ஒரு கருவி வெச்சிருக்காங்க, ஐஈசி 60318-4ன்னு அதுக்கு ஒரு தரநிர்ணயமே உண்டு. என் ரப்பர் குழாய் அதுக்குக் கால் தூசி. ஆனா வால்யூமைச் சமப்படுத்தறதுக்கு மட்டும் இது தாராளம்.

அடுத்தது ரப்பர் மூடி. நல்லா கவனிங்க, காசு மிச்சமாகற இடம் இது.

இயர்போன் முனையில ஒரு சிலிக்கான் குடை இருக்கே, அது காதுக் குழாயை முழுசா அடைக்கணும். தலைமுடி அளவு சந்து இருந்தாலும் பேஸ் அந்த வழியா ஓடிடும். கொட்டாங்கச்சியில ஓட்டை போட்ட மாதிரி. மேல் ஸ்தாயி மட்டும் மிஞ்சி, காதைக் குத்தும். "இந்த இயர்போன்ல பேஸே இல்லை, ஒரே கீச்சுக்கீச்சு"ன்னு ஒருத்தர் திட்டறதையும், அதே மாடலை இன்னொருத்தர் "பேஸ் அருமை"ன்னு புகழறதையும் பாத்திருப்பீங்க. ரெண்டு பேரும் பொய் சொல்லலை. ஒருத்தருக்கு அடைஞ்சிருக்கு, ஒருத்தருக்கு அடையலை. பிலான் பிஎல்-03 வந்தப்போ இதுதான் நடந்தது. சத்தம் பிரமாதம், ஆனா முனை குட்டை. கூட வந்த ரப்பரைத் தூக்கிப் போட்டுட்டு வேற ரப்பர் மாட்டினாத்தான் நிறைய பேருக்குக் காதுல நின்னது.

சோதிக்கறது சுலபம். யூட்யூப்லயே 30 ஹெர்ட்ஸ் டோன் கிடைக்கும், வால்யூமைக் குறைச்சு வெச்சு ஆரம்பிங்க. ஒரு மாதிரி உறுமல் தலைக்குள்ள கேக்கணும். கேக்கலைன்னா இயர்போனை மெதுவா ஒரு விரலால அழுத்துங்க. அழுத்தறப்போ உறுமல் எழும்பினா, உங்க ரப்பர் சைஸ் சரியில்லைன்னு அர்த்தம். எனக்கு இடது காதுக்கு நடு சைஸ், வலது காதுக்குப் பெரிய சைஸ். ரெண்டு காதும் ஒரே அளவா இருக்கணும்னு எந்தச் சட்டமும் இல்லை. சொருகறப்போ எதிர்க்கையால காது மடலை மேல, பின்னால லேசா இழுத்துப் பிடிச்சுச் சொருகினா சரியாப் போய் உக்காரும். பெட்டியோட வர்றது சரிப்படலைன்னா தனியா ரப்பர் செட் கிடைக்குது, நுரையில செஞ்சதும் கிடைக்குது. அந்தக் காசைச் செலவழிங்க. புது இயர்போனை அப்புறம் பாத்துக்கலாம்.

இன்னொரு விஷயம். காதுக் குழாய் நீளம் சுமாரா 2.5 சென்டிமீட்டர். ஒரு பக்கம் செவிப்பறை மூடின குழாய். பிளஸ் டூ இயற்பியல்ல ஒத்ததிர்வுக் குழாய் படிச்சிருப்பீங்களே, அதே கணக்குதான்: ஒலியோட வேகத்தைக் குழாய் நீளத்தோட நாலு மடங்கால வகுத்தா 3400 ஹெர்ட்ஸ் பக்கம் வரும். காது மடலும் சேந்துக்கறதால, வெளியிலேர்ந்து வர்ற எந்தச் சத்தத்தையும் நம்ம காது 3000 ஹெர்ட்ஸ் பக்கத்துல தானாவே ஏத்திக் குடுக்கும். குழந்தை அழறது ஊருக்கே கேக்கறதுக்கு இதுவும் ஒரு காரணம். குழாய் வாயை இயர்போன் அடைச்ச உடனே இந்த இயற்கை ஏத்தம் போயிடும். அதை இயர்போன்தான் செயற்கையா ஈடு கட்டணும். கம்மியாக் கட்டினா பாடறவர் போர்வைக்குள்ளேர்ந்து பாடுவார். அதிகமாக் கட்டினா, ஒரு நாகஸ்வர ரெக்கார்டிங் போட்டுப் பாருங்க, ரெண்டு நிமிஷத்துல கழட்டிடுவீங்க. மலிவு இயர்போன்கள் சறுக்கறது பெரும்பாலும் இந்த இடத்துலதான்.

இப்ப நாலு பேர்.

கேஇசட் ஈடிஎக்ஸ் ப்ரோ: மேலயும் கீழயும் தூக்கி, நடுவுல பள்ளம். குத்துப் பாட்டுக்குக் கொண்டாட்டம். "ச", "ஸ" வர்ற இடமெல்லாம் ஊசி. பழைய ரேடியோ கச்சேரி ரெக்கார்டிங் போட்டா டேப் இரைச்சல்தான் முக்கிய வித்வான்.

சால்நோட்ஸ் ஜீரோ: சதுரத் தகடு பதிச்ச உடம்பு, கொஞ்சம் தடிச்ச முனை. ரொம்பச் சுத்தமான சத்தம். எந்த வாத்தியம் எங்க இருக்குன்னு பிரிச்சு வைக்கும். இளையராஜாவோட 'ஹவ் டு நேம் இட்' (1986) இசைத்தொகுப்பை இதுல கேட்டுப் பாருங்க. வி.எஸ்.நரசிம்மனோட வயலின் ஒரு பக்கம், கீழ பேஸ் கிட்டார் தனியா ஒரு கதை சொல்லிக்கிட்டுப் போறது இன்னொரு பக்கம். ரெண்டும் ஒண்ணை ஒண்ணு மிதிக்காது. குறைன்னா, கொஞ்சம் ஒல்லி. ஆண் குரல்ல நெஞ்சுச் சதை கம்மி.

டாங்சூ வானர்: வானரம் இல்லீங்க, வானர். சீனாவுல தாங் வம்சக் காலத்துல, 7-ஆம் நூற்றாண்டுல பிறந்த ஷாங்குவான் வானர்ங்கிற பெண் கவிஞரோட பேர். பேரரசி வூ கிட்ட செயலாளரா இருந்தவங்க. நம்ம ஊர்ல ஔவையார் பேர்ல இயர்போன் விட்டா "பாட்டி காலத்து மாடலா?"ன்னு கேட்டு ஓட்டியே கொன்னுடுவாங்க. சத்தம் இதமான சூடு. மேல் ஸ்தாயி அடங்கி இருக்கும், குரல் முன்னால வரும். மணிக்கணக்காக் கேக்கலாம். சிம்பல், ஜால்ரா எல்லாம் கொஞ்சம் மழுங்கல்தான்.

மூன்ட்ராப் சூ 2: கோழி விரட்டற "சூ"தான், வேற வழியில்லை. இதுக்கு முந்தின சூவுல ஒயரைக் கழட்ட முடியாது. இதுல முடியும். சின்ன உலோக உடம்பு, காதுல இருக்கறதே தெரியாது. சத்தம் ஜீரோவுக்கும் வானருக்கும் நடுவுல, ஜீரோ பக்கம் சாய்ஞ்சு. அட்டைப் பெட்டியில ஒரு ஜப்பானிய கார்ட்டூன் பொண்ணு. இந்தக் கம்பெனிக்காரங்க இதுக்குன்னு ரூம் போட்டு யோசிப்பாங்க போல.

இவ்வளவும் என் காது சொன்னது. எது எவ்வளவு விலைன்னு தெரிஞ்ச காது, அதனால அதை முழுசா நம்ப முடியாது. எங்க சித்தப்பா முப்பது வருஷமா மிருதங்கம் வாசிக்கறவர். கல்யாணக் கச்சேரி, கோயில் கச்சேரி, நாலஞ்சு பிள்ளைகளுக்குப் பாடம். அவரை உக்கார வெச்சு, கண்ணை மூடச் சொல்லி, நானே ஒவ்வொண்ணா அவர் காதுல சொருகி, வால்யூமைச் சமப்படுத்தி, ஒரே தனி ஆவர்த்தனத்தை நாலு தடவை போட்டேன். (உடம்பு வடிவம் காதுக்குத் தெரியுமேன்னு கேப்பீங்க. தெரியும். ஆனா எது எந்தக் கம்பெனி, என்ன விலைன்னு அவருக்குத் தெரியாதே.)

மிருதங்கத்தைத் தேர்ந்தெடுத்ததுக்குக் காரணம் உண்டு. சாதாரணத் தோல் வாத்தியத்துக்கு சுருதி நிக்காது, அதோட மேல் அதிர்வுகள் ஒழுங்கான விகிதத்துல வராது. மிருதங்கத்தோட வலந்தலையில நடுவுல கருப்பா ஒரு வட்டம் இருக்கே, அதுதான் அந்த அதிர்வுகளை ஒழுங்குக்குக் கொண்டு வருது. சி.வி.ராமனும் சிவகாளி குமாரும் 1920-ல நேச்சர் சஞ்சிகையில இதைப் பத்தி எழுதியிருக்காங்க. இடப்பக்கம், அதாவது தொப்பியில, ரவையைக் குழைச்சு அப்பி கனம் ஏத்துவாங்க. ஆக ஒரே வாத்தியத்துல சுருதி நிக்கற மேல் சத்தமும், உருண்டு வர்ற அடிச் சத்தமும் இருக்கு. இயர்போன் எங்க ஏமாத்தினாலும் மாட்டிக்கும்.

கேஇசட்டைக் கேட்டுட்டு சித்தப்பா சிரிச்சார். "என்னடா, தவிலைக் கொண்டு வந்து வெச்சிருக்கே? தொப்பி பக்கம் பெருசா இருக்கு, ஆனா கும்கி இல்லை. அந்தச் சறுக்கல் கேக்கணும்ல." சால்நோட்ஸுக்கு, "வலந்தலை சுத்தம். ரவை கொஞ்சம் பத்தலை." ரவை பத்தலைன்னாராம்! இதை எந்த விமர்சகரும் இவ்வளவு சரியாச் சொன்னதில்லை. சூ 2-க்கு, "இது நல்லாருக்கு. சபாவுல முன் வரிசையில உக்காந்த மாதிரி." வானருக்கு ஒண்ணும் சொல்லலை. கையால தொடையில தாளம் போட ஆரம்பிச்சவர், மோஹரா முடிஞ்சு கோர்வை வர்ற வரைக்கும் கண்ணைத் திறக்கலை.

"சித்தப்பா, இது எப்படி இருக்கு?"

"பேசாம இருடா."

அவர் காதுல இப்பவே ஒரு ரீங்காரம் உண்டு. ராத்திரி படுத்தா கேக்குமாம். மைக்கும் மானிட்டர் ஸ்பீக்கரும் பக்கத்துலயே அலற, முப்பது வருஷம். அது போனது போனதுதான், திரும்ப வராது. மேல் ஸ்தாயி அடங்கின வானர் அவருக்கு ஏன் இதமா இருந்ததுன்னு அப்புறம்தான் யோசிச்சேன்.

இதே நேரத்துல வீட்டுல இன்னொருத்தன். என் தம்பி தாம்பரத்துலேர்ந்து பீச் வரைக்கும் எலெக்ட்ரிக் ட்ரெயின்ல தினம் போய் வர்றவன். போக வர ரெண்டு மணி நேரம். போனோட வந்த, காதுக்கு வெளியில சும்மா உக்கார்ற பழைய இயர்போன். ஜன்னல் ஓர இரைச்சலுக்கு மேல பாட்டு கேக்கணும்னா வால்யூம் கடைசிக்குப் பக்கம் போயாகணும். அவன் வீட்டுக்குள்ள வர்றப்போ எந்தப் பாட்டு ஓடுதுன்னு சமையல் ரூம்லேர்ந்து அம்மா சொல்லுவாங்க.

2019-ல உலக சுகாதார நிறுவனமும் சர்வதேச தொலைத்தொடர்பு ஒன்றியமும் சேந்து ஒரு கணக்கு வெளியிட்டாங்க. 80 டெசிபெல்னா வாரத்துக்கு 40 மணி நேரம் வரைக்கும் கேக்கலாம். 90 டெசிபெல்னா வாரத்துக்கு 4 மணி நேரம்தான். ஒவ்வொரு 3 டெசிபெலுக்கும் காதுக்குள்ள போற சக்தி ரெட்டிப்பாகுது, நேரம் பாதியாகுது. தம்பி 90-ல கேக்கறான்னு வெச்சுக்கிட்டா, செவ்வாய்க்கிழமை சாயந்திரம் வீடு திரும்பறப்போ அந்த வாரக் கோட்டா காலி. மிச்ச நாளெல்லாம் கடன்.

"வால்யூமைக் குறைடா"ன்னு சொன்னா எந்தத் தம்பி கேப்பான்? நான் சொல்லலை. சூ 2-ல அவன் காதுக்குச் சரியான ரப்பரைத் தேடி மாட்டிக் குடுத்தேன், நாலு சைஸ் பாத்தோம். ஒரு வாரம் கழிச்சு ட்ரெயின்ல அவன் கூடப் போனப்போ போனை வாங்கிப் பாத்தேன். 15 கட்டத்துல முன்னாடி 13, 14-ல இருந்தது, இப்ப 8. அவனா வெச்சதுதான். வெளிச்சத்தம் உள்ள வரலைன்னா கத்த வேண்டிய அவசியம் இல்லையே. சவுண்ட் குவாலிட்டின்னு நான் பக்கம் பக்கமாப் பேசறதுல அவனுக்கு ஒரு ஆர்வமும் கிடையாது. "நல்லா கேக்குதுண்ணா" அவ்ளோதான். ஆனா வெளிச்சத்தம் கேக்காதுங்கிறது ஆபத்தும் கூட. தண்டவாளம் தாண்டறப்போவும் ரோட்டுல நடக்கறப்போவும் கழட்டிடணும்னு மட்டும் அம்மா மேல சத்தியம் வாங்கியிருக்கேன்.

வாங்கப் போறவங்களுக்குச் சில்லறை விஷயங்கள். ஒயரைக் கழட்டற மாதிரி மாடலா பாருங்க. எங்க ஊர் வியர்வைக்கு முதல்ல சாகறது ஒயர்தான். வாங்கின உடனே மோனோ டோன் ஒண்ணு போட்டு, சத்தம் தலைக்கு நட்டநடுவுல நிக்குதான்னு பாருங்க. வேற ஒரு கம்பெனி மாடல் எனக்கு இடது பக்கம் செத்துக் கிடந்த மாதிரி வந்து, திருப்பி அனுப்பறதுக்குள்ள போதும் போதும்னு ஆயிடுச்சு. கொஞ்ச மாசத்துல ஒரு பக்கம் சத்தம் குறைஞ்சா உடனே பழுதுன்னு முடிவு பண்ணாதீங்க. முனையில இருக்கற வலையைப் பாருங்க, முக்கால்வாசி நேரம் காதுக் குறும்பிதான். போன்ல ஓட்டை இல்லாதவங்களுக்கு ஒரு சின்ன டைப்-சி அடாப்டர் போதும், இந்த இயர்போன்களை ஓட்ட பெரிய டப்பா ஒண்ணும் தேவையில்லை. டிரைவர் எண்ணிக்கையைப் பாத்து மயங்காதீங்க. ஒண்ணு ஒழுங்கா இருந்தா போதும்.

வானர் இப்ப சித்தப்பா கிட்ட. வால்யூம் பாதிக்கு மேல போகாத மாதிரி அவர் போன்ல நானே பூட்டு போட்டுக் குடுத்திருக்கேன். சால்நோட்ஸ் என் ஆபீஸ் மேசை டிராயர்ல. கேஇசட்டை அக்கா பொண்ணு டான்ஸ் பிராக்டிஸுக்குன்னு எடுத்துக்கிட்டுப் போனா. ரெண்டே நாள்ல, "மாமா, இதோட ரப்பர் ஒண்ணு தொலைஞ்சு போச்சு"ன்னு போன். எந்தக் காதுன்னு கேட்டேன். "எனக்கு ரெண்டுமே சின்ன சைஸ்தான்"னு சொன்னா. அளந்து பாத்திருக்கா!